ஊர் பேர் இல்லாமல் வரும் விநோதங்கள்

‘இதைப் பாருங்களேன்’ என்ற ஒற்றை வரியோடு நம்மிடம் வந்து சேருகிறவற்றைப் பற்றியது இந்தக் கட்டுரை. எப்போதோ வந்த ஒரு விளம்பரம், யாரோ பாடிய ஒரு விசித்திரமான இசைத்தட்டு, சிரிப்பை அடக்க முடியாத ஒரு கவிதை, எந்த நாட்டுக் கோயிலிலோ வரைந்த ஒரு கோணல் சிங்கம். யார் செய்தது, எந்த ஊர், எந்த வருஷம், யாருக்காக என்ற எதுவும் கூட வருவதில்லை. பார்க்கிறோம், சிரிக்கிறோம், அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறோம். அரை நிமிஷ வேலை.

சிரிப்பதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. இலக்கியம் என்றாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிற ஆளும் இல்லை நான். என் கேள்வி வேறு. ‘விநோதம்’ என்று ஒன்றைச் சொல்லிப் பகிர்கிறபோதே அதன்மேல் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. பார்க்கிறவர் பார்ப்பதற்கு முன்பே, கேட்கிறவர் கேட்பதற்கு முன்பே, இது சிரிக்க வேண்டியது என்று முடிவாகிவிடுகிறது. அதாவது, பகிர்தல் என்பது ஒரு விமர்சனம். ரொம்பச் சின்ன, ரொம்ப அவசரமான விமர்சனம். விமர்சனம் என்று ஒத்துக்கொண்டால் அதை நல்ல விமர்சனமா, மோசமான விமர்சனமா என்று கேட்கவும் நமக்கு உரிமை வந்துவிடுகிறது.

தமிழில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பழைய வடிவம் இருக்கிறது. தனிப்பாடல்கள். எந்தக் காப்பியத்திலும் சேராமல், வாய் வழியாக ஊர் ஊராக அலைந்த பாட்டுகள். சிலேடை, வசை, குசும்பு, சாப்பாட்டுக் கோபம் எல்லாம் அதில் உண்டு. ராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் முயற்சியில் தில்லையம்பூர் சந்திரசேகர கவிராசப் பண்டிதர் 19ஆம் நூற்றாண்டில் அவற்றைத் திரட்டினார். இந்தப் பாட்டுகள் பயணப்பட்ட விதத்தைக் கவனியுங்கள். எந்தப் பாட்டும் தனியாக வராது. கூடவே ஒரு சம்பவம் வரும். நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரத்துக்குக் காளமேகம் பசியோடு போனார், சோறு வர நடுராத்திரி தாண்டிவிட்டது, அதனால் இப்படிப் பாடினார் என்று கதை சொல்லிவிட்டுத்தான் பாட்டைச் சொல்வார்கள். காத்தான் வந்து கெஞ்சியதும், அதே பாட்டுக்கே புகழ்ச்சியாகவும் ஒரு பொருள் சொல்லிக் காட்டினார் என்று கதை நீளும்.

அந்தச் சம்பவங்கள் நடந்தவைதானா என்று கேட்டால், பலவற்றுக்கும் சாட்சி கிடையாது. கதை பின்னால் கட்டப்பட்டிருக்கலாம். ஆனாலும் அதற்கு ஒரு வேலை உண்டு. கேட்கிறவனை அது சத்திரத்துத் திண்ணையில் உட்கார வைக்கிறது. அவனுக்கும் கொஞ்சம் பசிக்கிறது. அதன் பிறகு வருகிற சிரிப்பு, காளமேகத்தோடு சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. நம் கைப்பேசிக்கு வருகிற விநோதத்தில் இந்தத் திண்ணைதான் இல்லாமல் போகிறது.

நம் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 2000இல் வந்த படம் ‘பெண்ணின் மனதைத் தொட்டு’. எஸ்.ஏ. ராஜ்குமார் இசை. அதில் ‘கல்லூரி வானில்’ என்று தொடங்கும் ஒரு பாட்டு. பிரபுதேவாவும் ஜெயா சீலும் ஆடுவார்கள். அந்தக் காலத்துக் காதல் பாட்டுகளில் ஒன்று, அவ்வளவுதான். 2007இல் ‘பஃபலாக்ஸ்’ என்ற புனைபெயர் கொண்ட ஓர் அமெரிக்கர் அதற்கு ஆங்கிலத் துணைவரிகள் போட்டு யூடியூபில் ஏற்றினார். மொழிபெயர்ப்பு இல்லை அது. தமிழ்ச் சத்தம் அவர் காதில் எந்த ஆங்கிலச் சொல்லாக விழுந்ததோ அதை அப்படியே எழுதினார். பல்லவியில் வரும் நிலா அவர் காதில் ‘பென்னி லாவா’ என்ற மனிதராகிவிட்டார். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். பாட்டுக்கே ‘பென்னி லாவா’ என்று பெயர் ஆனது. இப்படிச் செய்வதற்கு ‘பஃபலாக்ஸ்’ என்பதே ஒரு வினைச்சொல்லாகவும் புழங்கியது.

தமிழ் தெரிந்த நமக்கு அதைப் பார்க்கையில் இரண்டு உணர்ச்சி ஒரே சமயத்தில் வரும். சிரிப்பு வரும், அது உண்மை. சத்தத்துக்கும் எழுத்துக்கும் நடக்கிற அந்த மோதலில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. அடுத்த நொடியே ஒரு கசப்பும் வரும். ஒரு மொழி, எத்தனையோ கோடிப் பேர் பேசுகிற மொழி, அங்கே வெறும் சத்தமாக மட்டும் இருக்கிறது. பாட்டை எழுதியவரோ, பாடியவரோ அந்தச் சிரிப்பில் ஓர் ஓரத்தில்கூட இல்லை.

தவறாகக் கேட்பது குற்றமா? அப்படியும் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் இதற்கு ‘மாண்டிகிரீன்’ என்று பெயர். 1954இல் ஹார்ப்பர்ஸ் இதழில் சில்வியா ரைட் எழுதிய கட்டுரையில்தான் அந்தச் சொல் பிறந்தது. சின்ன வயதில் அம்மா ஒரு ஸ்காட்லாந்துக் கதைப்பாடலை வாசிக்கக் கேட்டவர் அவர். கொல்லப்பட்ட பிரபுவைப் புல்தரையில் கிடத்தினார்கள் என்ற செய்தி, குழந்தையின் காதில் பிரபுவோடு சேர்ந்து செத்துப்போன ‘லேடி மாண்டிகிரீன்’ என்ற சீமாட்டியாக மாறிவிட்டது. அப்படி ஒருத்தி பாட்டிலேயே கிடையாது. ஆனால் பிரபு தனியாகச் சாகவில்லை என்பதில் அந்தக் குழந்தைக்கு ஓர் ஆறுதல் இருந்தது. பாட்டுக்குள் முழுசாகப் போனதால் வந்த தவறு அது. பென்னி லாவா, பாட்டுக்கு வெளியே நின்றுகொண்டு வந்த தவறு. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். ஆனால் குணம் வேறு.

ஜப்பானில் இந்த விளையாட்டுக்கு ‘சோராமிமி’ என்று பெயர். அந்நிய மொழிப் பாட்டு ஜப்பானிய மொழியாகக் காதில் விழுவதை வைத்து அங்கே தொலைக்காட்சியில் வருஷக்கணக்காக ஒரு பகுதியே ஓடியது. அதே ஜப்பான்தான் இன்னொரு தமிழ் விநோதத்தையும் எடுத்துக்கொண்டது. ரஜினிகாந்த் நடித்து 1995இல் வந்த ‘முத்து’. சிங்கப்பூரில் அதைக் கண்டெடுத்தவர் ஜூன் எடோகி என்ற ஜப்பானியத் திரை விமர்சகர். 1998இல் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ஒரு சின்னத் திரையரங்கில் வெளியாகிப் பல வாரங்கள் ஓடியது. ஜப்பானிய மொழியில் ஒழுங்கான துணைவரிகள். பெயரை மட்டும் ‘முத்து: ஆடும் மகாராஜா’ என்று மாற்றிக்கொண்டார்கள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு, ‘ஆமா, இந்தியான்னா மகாராஜாதானே இவங்களுக்கு’ என்று தோன்றும். கொஞ்சம் நின்று யோசித்தால் அதில் ஒரு நியாயம் தெரிகிறது. படத்தின் கதையே அதுதான். வண்டியோட்டியாக ஆடிப் பாடித் திரிகிற முத்து, உண்மையில் அந்த ஜமீனுக்கே உரியவன். படத்தை முழுசாகப் பார்த்த ஒருவரால்தான் அந்தத் தலைப்பை வைக்க முடியும். விநோதம் என்ற கவர்ச்சியை அவர்களும் விற்றார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் வாசலில் மட்டும் விநோதம். உள்ளே போனால் கதை, வசனம், தாய், துரோகம், தியாகம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஜப்பானிய ரசிகர்கள் பின்னால் சென்னைக்கு ரஜினியைத் தேடி வந்தார்கள். பென்னி லாவாவைத் தேடி யார் எங்கே போக முடியும்?

சிரிப்பு மட்டும்தான் ஆபத்து என்றும் நினைத்துவிடக் கூடாது. புகழ்ச்சியும் அதே வேலையைச் செய்யும். ‘த ஷாக்ஸ்’ கதையைப் பாருங்கள். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஃப்ரீமாண்ட் என்ற சிற்றூர். டாட், பெட்டி, ஹெலன் என்று விகின் குடும்பத்துச் சகோதரிகள் மூவர். 1969இல் ‘ஃபிலாசஃபி ஆஃப் த வேர்ல்ட்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார்கள். முதல்முறை கேட்டால் யாருக்கும் தூக்கிவாரிப்போடும். குரலும் கிதாரும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் போகும். டிரம் தன் கணக்கில் இன்னொரு பக்கம் போகும். காணாமல் போன ஒரு செல்லப்பிராணியைப் பற்றி ஒரு பாட்டு. அது விற்கவில்லை. 1980இல் என்.ஆர்.பி.க்யூ. என்ற இசைக்குழுவினர் அதை மறுபடி வெளிக்கொண்டு வந்தார்கள். அதன் பிறகு அதற்கு இரண்டு வகை ரசிகர்கள். ‘உலகத்திலேயே மோசமான இசைக்குழு’ என்று சொல்லிச் சிரிப்பவர்கள் ஒரு வகை. ‘எந்தப் பயிற்சியாலும் கெடாத தூய்மை’ என்று கொண்டாடுகிறவர்கள் இன்னொரு வகை.

1999இல் சூசன் ஆர்லியன் நியூயார்க்கர் இதழில் அந்தச் சகோதரிகளைப் பற்றி எழுதினார். அப்போதுதான் திண்ணை திரும்ப வந்தது. தகப்பனார் ஆஸ்டின் விகினுக்கு அவருடைய தாய் கைரேகை பார்த்து மூன்று பலன் சொல்லியிருந்தார். இன்ன நிறக் கூந்தல்காரியைக் கட்டிக்கொள்வாய், நான் செத்த பிறகு உனக்கு இரண்டு பையன்கள் பிறப்பார்கள், உன் மகள்கள் பேர்பெற்ற இசைக்குழுவாக ஆவார்கள். முதல் இரண்டும் பலித்துவிட்டன. மூன்றாவதைத் தானே பலிக்க வைக்கத் தகப்பனார் கிளம்பிவிட்டார். பெண்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார், வாத்தியங்களை வாங்கிக் கொடுத்தார், தினமும் பயிற்சி, சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் கச்சேரி. 1975இல் அவர் இறந்தார். குழுவும் அத்தோடு கலைந்தது.

இது தெரிந்த பிறகு அந்த இசைத்தட்டை முன்பு கேட்ட மாதிரி கேட்க முடிவதில்லை. அதில் ‘பெற்றோர் என்பவர்கள் யார்’ என்ற பொருளில் ஒரு பாட்டு இருக்கிறது. அப்பா அம்மாவின் அன்பை மெச்சுகிற பாட்டு. மெச்சுகிறவளின் குரலில் உற்சாகம் என்று ஒன்றுமே இல்லை; பாடம் ஒப்பிக்கிற குரல். ‘மோசம்’ என்று சிரித்தவர்கள் அந்தக் குரலைக் கேட்கவில்லை. ‘தூய்மை’ என்று கொண்டாடியவர்களும் கேட்கவில்லை. அந்தப் பெண்கள் அப்பாவிகளாக இசையில் திளைத்துக்கொண்டிருக்கவில்லை, சொன்னதைச் செய்துகொண்டிருந்தார்கள். அதற்குள்ளும் டாட் தன் பாட்டைத் தானே எழுதினாள், காணாமல் போன செல்லப்பிராணியைப் பற்றி எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு இப்போது அந்தப் பாட்டுதான் பிடித்திருக்கிறது. அவளுடையது என்று அதில் ஏதோ இருக்கிறது.

மூன்றாவது கதை நம் நாட்டில் நடந்தது. சரண்ஜித் சிங் பம்பாயில் ஹிந்தித் திரையிசைக் குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்தவர். 1982இல் ‘டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்று ஒரு தட்டு போட்டார். ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகள்: தாளத்துக்கு டி.ஆர். 808, அடிநாதத்துக்கு டி.பி. 303, ராகத்துக்கு ஜூபிடர் 8. தட்டு விற்கவில்லை. 2002இல் எடோ பௌமன் என்ற நெதர்லாந்துக்காரர் டெல்லியில் ஒரு கடையில் அதைக் கண்டெடுத்தார். 2010இல் மறுபதிப்பு வந்தது. உடனே ஒரு வாக்கியம் உலகம் முழுக்கப் பறந்தது: ‘ஆசிட் ஹவுஸ் இசையைச் சிகாகோவுக்கு முன்பே ஓர் இந்தியர் கண்டுபிடித்துவிட்டார்.’

நம்மவர்களும் பெருமையோடு அதைப் பகிர்ந்தார்கள். பெருமைப்படலாம்தான். ஆனால் அந்த வாக்கியம் அவருக்கு உண்மையில் என்ன கொடுக்கிறது? 1987இல் ‘ஃப்யூச்சர்’ என்ற சிகாகோக் குழு ‘ஆசிட் டிராக்ஸ்’ போட்டது. டி.பி. 303 அதற்குள் சந்தையில் தோற்று, 1984இலேயே தயாரிப்பு நின்று, பழைய பொருளாக மலிவு விலைக்கு வந்திருந்தது. அதனால்தான் காசில்லாத சிகாகோ இளைஞர்களின் கையில் கிடைத்தது. அவர்கள் அதன் குமிழ்களைத் திருகித் திருகி ஒரு புதுச் சத்தத்தைப் பிடித்தார்கள். சரண்ஜித் சிங் அதே கருவியை எடுத்தது வேறு தேவைக்கு. அதில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகிற வசதி உண்டு. சுருக்கமாகச் சொன்னால், மீண்டு வரும் இழைவு. ராகத்துக்கு அது வேண்டும். 1980இல் ‘குர்பானி’, 1982இல் ‘டிஸ்கோ டான்ஸர்’ என்று ஹிந்தி சினிமா டிஸ்கோவில் மிதந்துகொண்டிருந்த காலம். அந்தத் தாளத்தின்மேல் ராகத்தைப் போட்டால் என்ன என்று ஒரு வேலை தெரிந்த இசைக்காரர் யோசித்தார். கதை இவ்வளவுதான்.

கர்நாடக இசை கேட்டுப் பழகிய காது உள்ளவர்கள் இந்தத் தட்டைக் கேட்டால் நான் சொல்வது புரியும். அதில் வரும் பூபாளி நம் மோகனம், மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம், கலாவதி நம் வலஜி. காது தானாக ராகத்தைத்தான் பிடிக்கும். ஹிந்தோளத்தில் இந்த இடத்தை இப்படி விட்டுவிட்டாரே என்று குறைகூடச் சொல்லும். சிகாகோ நடன அரங்கில் வளர்ந்த காது அதே தட்டில் தனக்குத் தெரிந்த ஆசிட்டைப் பிடிக்கும். இரண்டும் பொய்யில்லை. ஆனால் இன்றைக்கும் அந்தத் தட்டு ‘முன்னோடி’ என்ற ஒரே அட்டையோடுதான் சுற்றுகிறது. அவருக்குப் பின்னால் யாரோ செய்ததற்கு முன்னால் அவர் செய்தார் என்பதே அவருடைய பெருமை என்று ஆகிவிட்டது. அந்தப் பத்து ராகத்தில் எது நன்றாக வந்திருக்கிறது, எது வெறும் பயிற்சியாக நின்றுவிட்டது என்று யாரும் பேசுவதில்லை. 2015இல் அவர் மறைந்தார். கடைசி வருஷங்களில் வெளிநாட்டு மேடைகளில் வாசிக்கிற வாய்ப்பு வந்தது என்பது ஒரு நிம்மதி. அந்த விஷயத்தில் கண்டெடுத்தவருக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

கடைசியாக ஒரு விளம்பரக் கதை. கவிதையும் விளம்பரமும் முட்டிக்கொண்ட இடம் என்பதால் அடிக்கடி சுற்றுக்கு வரும். 1955இல் ஃபோர்டு நிறுவனம் ஒரு புது கார் கொண்டுவர இருந்தது. பெயர் வைக்க வேண்டும். சந்தை ஆய்வுப் பிரிவினர் மரியான் மூர் என்ற கவிஞருக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் மாதக்கணக்கில் பெயர்களாக அனுப்பினார். ‘மங்கூஸ் சிவிக்’, ‘ரெசிலியன்ட் புல்லட்’, ‘இன்டெலிஜென்ட் வேல்’, கடைசியில் ‘யுடோப்பியன் டர்ட்டில்டாப்’. கீரி, தோட்டா, புத்தியுள்ள திமிங்கலம், லட்சிய உலகத்து ஆமையோடு. நிறுவனம் ரோஜாப்பூக்களை அனுப்பி நன்றி சொல்லிவிட்டு, காருக்கு ‘எட்செல்’ என்று முதலாளி குடும்பத்துப் பெயரையே வைத்தது. 1957 செப்டம்பரில் வெளிவந்து, 1959 நவம்பரில் தயாரிப்பை நிறுத்தினார்கள். வணிக வரலாற்றின் பெரிய தோல்விகளில் ஒன்று.

இதைப் பகிர்கிறவர்கள் பட்டியலை மட்டும் போட்டு, ‘கவிஞரைக் கூப்பிட்டால் இப்படித்தான்’ என்று ஒரு வரி எழுதுவார்கள். மூரின் கவிதைகளைக் கொஞ்சமாவது படித்தவர்களுக்கு அந்தப் பட்டியல் வேறு மாதிரி தெரியும். அவர் வாழ்நாள் முழுக்க விலங்குகளைக் கூர்ந்து பார்த்து எழுதியவர். செதில் கவசம் போர்த்திய எறும்புத்தின்னியைப் பற்றி 1936இல் வந்த ‘த பாங்கோலின்’ அவருடைய முக்கியமான கவிதை. கவசமும் நளினமும் ஒரே உடம்பில் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதுதான் அவருக்குத் தீராத ஆச்சரியம். காரும் கவசம் போர்த்திக்கொண்டு ஓடுகிற ஒரு பிராணிதானே? ஆமையோடு என்பது அவருக்கு வேடிக்கைப் பெயராக இருந்திருக்க முடியாது. அவர் கவிதை எழுதுகிற முறையே அதுதான். ‘இன்டெலிஜென்ட் வேல்’ என்பதும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அமெரிக்கக் கடற்படை 19ஆம் நூற்றாண்டில் சோதித்துப் பார்த்த ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் உண்மையான பெயர் அது. கிறுக்குத்தனமாகத் தெரிவது ஒரு மனசின் ஒழுங்கு. அந்த ஒழுங்கை நிறுவனத்தால் பயன்படுத்திக்கொள்ள முடியவில்லை. கார் விற்பதற்கு அது தோதில்லை என்று அவர்கள் நினைத்திருந்தால் அதிலும் தப்பில்லை. ஆனால் சிரிப்பு யார் பக்கம் போக வேண்டும் என்பதை எட்செலின் கதையைத் தெரிந்துகொண்டவர்கள்தான் சரியாக முடிவு செய்ய முடியும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நியாயமான மறுப்பு. ‘சும்மா இருங்க சார், இவ்வளவு கதை சொல்லிக்கொண்டிருந்தால் யார் பகிர்வார்கள்? விநோதம் என்று சொன்னதால்தானே இந்தத் தட்டுகளெல்லாம் குப்பையிலிருந்து வெளியே வந்தன?’ உண்மைதான். எல்லாக் கண்டெடுப்பும் ஆச்சரியத்தில்தான் தொடங்குகிறது. ஷாக்ஸைக் கேட்டு முதலில் சிரித்த யாரோ ஒருவர் இல்லையென்றால், ஆர்லியன் கட்டுரையும் இல்லை. சிரிப்பை வாசல் என்று வைத்துக்கொள்வோம். வாசலிலேயே எல்லாரையும் நிறுத்தித் திருப்பி அனுப்பினால் வீட்டுக்காரர் யார் என்று கடைசிவரை தெரியாது.

நாமும் இதில் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. பிழையோடு எழுதிய கடைப்பலகை, கிராமத்துத் திருமண வாழ்த்துப் பதாகை, ஒரு தாத்தா தன் சொந்தச் செலவில் அச்சடித்த கவிதைப் புத்தகம் என்று நாமும் இடைவிடாமல் பகிர்கிறோம். பென்னி லாவாவில் நமக்கு வந்த கசப்பு, அந்தப் பலகையை எழுதியவருக்கும் வரும். அவர் எழுதப்படிக்கக் கற்ற கதை, அந்தத் தாத்தா ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த கதை ஏதும் நமக்கு வந்து சேர்வதில்லை. வந்தால் சிரிக்க மாட்டோம் என்றில்லை. வேறு மாதிரி சிரிப்போம்.

தனிப்பாடல் மரபில் இரட்டையர் என்று இருவர் உண்டு. ஒருவருக்குக் கால் இல்லை, இன்னொருவருக்குக் கண் இல்லை. கண் இல்லாதவர் தோளில் கால் இல்லாதவர் உட்கார்ந்து வழி சொல்ல, ஊர் ஊராகப் போனார்கள். ஒருவர் பாதிப் பாட்டைத் தொடங்கினால் மற்றவர் முடிப்பார். பகிர்கிற நாம் தூக்கிச் சுமக்கிறவர்கள். நம் தோள் இல்லாமல் எந்தப் பழைய தட்டும் எங்கேயும் போகாது. ஆனால் வழி மேலே உட்கார்ந்திருக்கிறவருக்குத்தான் தெரியும்.

செய்ய வேண்டியது ரொம்பப் பெரிய காரியமும் இல்லை. யார் செய்தது, எங்கே, எப்போது, யாருக்காக. நான்கு கேள்வி. பதில் தெரிந்த அளவுக்கு நான்கு வரி. ‘பாடியவர் இன்னார், இன்ன வருஷம், இன்ன படம், எழுதிய சொல்லுக்கு அர்த்தம் நிலா’ என்று அந்த ஒரு துணுக்கின் கீழே எழுதி அனுப்புங்கள். அதன் பிறகும் சிரிப்பு வந்தால், தாராளமாகச் சிரிக்கலாம்.